நடுக்கோட்டுக்கு ஒரு சாண்

எங்க ஊர்ல ஒருத்தன் சித்திரை மாசம் இழுத்த மூச்சைத் தை மாசம் வரைக்கும் விட்டுக்கிட்டே இருந்தான். இதைச் சொன்னா வெளியூர்க்காரங்க அதெப்படின்னு கேப்பாங்க. எங்க ஊர்ல ஒருத்தனும் கேக்கல, ஏன்னா எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலையெல்லாம் இருந்துச்சு, பந்தல்ல யார் பேரை முதல்ல எழுதுறது, சைக்கிள் ஸ்டாண்டை யாருக்கு விடுறது, சோடாக்கடையை மைதானத்துக்குத் தெக்க போடுறதா வடக்க போடுறதா, இப்படி. மூச்சு அவன் மூச்சு. விட்டா விடுறான், விடாட்டிப் போறான்.

அப்ப எங்க ஊர்ல ரெண்டு முதலாளி. ஒருத்தருக்கு நூல் மில்லு, இன்னொருத்தருக்குத் தீப்பெட்டி ஆபீசு. ரெண்டு பேரும் சம்பந்தக்காரங்க, சாயந்திரமானா ஒரே மேசையில சீட்டு விளையாடுவாங்க, ஒரே கார்ல குற்றாலம் போவாங்க, வருசத்துல ஒரே ஒரு நாள், சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாள், கபடி மைதானத்துல மட்டும் ஜென்ம விரோதி ஆயிருவாங்க. அந்த ஒரு நாளைக்காக வருசம் பூரா எங்களை மாதிரி ஆட்டக்காரங்களை வேலைக்குன்னு பேர் பண்ணி வச்சிருந்தாங்க. பேருக்கு மில்லுத் தொழிலாளி, உண்மையில கூலிக்குக் கபடி ஆடுறவன். அதுலயும் பதிலி. பதிலின்னா, தினம் காலையில மில்லு கேட்டுல போய் நிக்கணும், உள்ள ஒருத்தன் வரலைன்னா அவன் எடத்துக்குக் கூப்பிடுவாங்க, எல்லாரும் வந்துட்டா வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வரணும்னு விடிஞ்சும் விடியாம சாமி கும்பிடுற பொழப்பு.

எங்க டீம்ல வெயிலுமுத்துன்னு ஒருத்தன் இருந்தான். நெட்டை, ஒல்லி, வாயில்லாப் பூச்சி. கபடி கபடின்னு எதிராளி பக்கம் பாடிப் போறப்பதான் ஊர் அவன் குரலையே கேக்கும். பேச்சித்தாயின்னு ஒரு பிள்ளையைக் கட்டியிருந்தான், அவ அப்ப மாசமா இருந்தா. அந்த வருசம் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி மில்லு முதலாளி சோபாவுல சாஞ்சுக்கிட்டு அவனைக் கூப்பிட்டு, மைக்குல எல்லாரும் கேக்கும்படியா, "வெயிலுமுத்து, ஜெயிச்சுக் குடு, உன்னைப் பெர்மனென்ட் ஆக்குறேன்"னு சொன்னார். பெர்மனென்ட்னா மில்லு லைன்ல ஒரு வீடு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி அட்டை, கேட்டுல நின்னு ஒருத்தன் மூஞ்சியையும் பார்க்க வேண்டாத ஒரு காலை நேரம். கேட்டவுடனே அந்தப் பய முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, எனக்கே பொறாமையாப் போச்சு. அதே மைக்கை வாங்கித் தீப்பெட்டி முதலாளி அவர் ஆளு சவரிமுத்துக்கு அதே வார்த்தையைச் சொன்னார். வாக்குக் குடுக்கிறதுல ரெண்டு பேருக்கும் கஞ்சத்தனமே கிடையாது.

எங்க ஊர் ஆட்டத்துல அவுட்டானவன் அவுட்டானவன்தான், திரும்ப உள்ள வர்ற கதையெல்லாம் இல்ல. ஒரு பக்கம் பூரா காலியாகிற வரைக்கும் ஆட்டம். பாடிப் போறவன் ஒரே மூச்சுல போய், எதிராளியைத் தொட்டுட்டு, அதே மூச்சுல நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துட்டா தொடப்பட்டவன் அவுட். பிடிபட்டு, கோட்டைத் தொடாம மூச்சு அறுந்துபோச்சுன்னா பாடுனவன் அவுட். இத்தனை நொடிக்குள்ள முடிக்கணும்ங்கிற விதியெல்லாம் பின்னாடி வந்தது, அப்ப மூச்சுதான் கணக்கு. அன்னைக்கு முதல் ஆளா அவுட்டானது நான். அதனாலதான் எல்லாத்தையும் வெளிய உக்காந்து சாவகாசமாப் பார்க்க முடிஞ்சுது. ஒவ்வொருத்தனா விழுந்து விழுந்து கடைசியில எங்க பக்கம் வெயிலுமுத்து ஒருத்தன், அவங்க பக்கம் சவரிமுத்து ஒருத்தன்னு ஆகிப்போச்சு. இனி ஒரே ஒரு பாட்டு. இவன் தொட்டுட்டு வந்தா மில்லு, அவன் பிடிச்சா தீப்பெட்டி.

வெயிலுமுத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கிட்டு உள்ள போனான், கபடி கபடி கபடின்னு இடது பக்கம் ஒரு போக்குக் காட்டி, வலது பக்கம் சாஞ்சு, சவரிமுத்து தோளை ஒரு தட்டுத் தட்டிட்டுத் திரும்பிப் பாய்ஞ்சான், அதுக்குள்ள சவரிமுத்து தரையோட விழுந்து அவன் வலது கணுக்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டான், பிடிச்ச பிடியில வெயிலுமுத்து நெடுஞ்சாண்கிடையா விழுந்தான், விழுந்தவன் கையை நீட்டினான், நீட்டின விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் சரியா ஒரு சாண். அவ்வளவுதான். அப்படியே நின்னுபோச்சு. இவன் கபடி கபடிங்கிறான், அவன் பிடியை விட மாட்டேங்கிறான், ரெஃப்ரீ ஞானப்பிரகாசம் வாத்தியார் விசிலை வாயில வச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்து இவன் வாய்க்குப் பக்கத்துல காதைக் குடுத்துட்டார்.

கொஞ்ச நேரம் எல்லாரும் கத்துனோம். அப்புறம் தொண்டை வலிச்சுச்சு. அப்புறம் ஒருத்தர், "மூச்சு நல்லாத்தான்யா வச்சிருக்கான்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனார். டீ குடிச்சுட்டு வந்தார், கபடி கபடி. பொழுது அடைஞ்சுது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தோம், காலையில எந்திரிச்சுப் பல்லை விளக்கிட்டு வந்து பார்த்தா, கபடி கபடி கபடி. "இன்னுமா விடல?"ன்னு கேட்டாங்க, "இன்னும் விடல"ன்னு சொன்னோம், அதுக்கப்புறம் அது ஒரு சேதியே இல்லாமப் போச்சு.

டவுன்ல இருந்து டாக்டருங்க வேன்ல வந்தாங்க. நெஞ்சுல வச்சுப் பார்த்தாங்க, முதுகுல வச்சுப் பார்த்தாங்க, தங்களுக்குள்ள இங்கிலீசுல பேசிக்கிட்டாங்க, கடைசியில பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "மூச்சு இருக்குய்யா"ன்னு சொல்லிட்டு, மில்லு கெஸ்ட் ஹவுஸ்ல கோழிக்குழம்பு சாப்பிட்டுப் போனார். படிச்சவங்க படிச்சவங்கதான்.

கமிட்டிச் செயலாளர் செண்பகமூர்த்தி அண்ணாச்சிதான் பாவம், அந்த மாசங்கள்ல தூக்கமில்லாம உழைச்சு ஒரு சுத்து பெருத்தார். வெயில் சுட்டுச்சு, பந்தல் போட்டார். பந்தல்ல மில்லு பேரு மேலயா தீப்பெட்டி பேரு மேலயான்னு தகராறு வந்துச்சு, ரெண்டு பேரையும் எழுதி நடுவுல தன் பேரை எழுதிக்கிட்டார். பிடிச்சுக் கிடக்கிறவனுக்குச் சாப்பாடு ஊட்டுறது விதிப்படி சரிதான்னு சொல்லிட்டாங்க, சவரிமுத்து ஒரு கையால கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சோத்தைப் பிசைஞ்சு தின்னான். ஆனா பாடுறவன் எப்படிச் சாப்பிடுறது? விழுங்கினா பாட்டு அறுந்ததா, அறுபடலையான்னு கமிட்டி கூடிக் கூடிப் பேசுச்சு. கடைசியில, கஞ்சியை உதட்டோரம் ஊத்தலாம், உள்ள போறப்பவும் சத்தம் வெளிய வந்துக்கிட்டே இருக்கணும்னு தீர்ப்பாச்சு. பேச்சித்தாய் சங்கைக் கொண்டாந்து, கைப்பிள்ளைக்கு ஊத்துற மாதிரி ஒவ்வொரு சொட்டா ஊத்துனா. வாத்தியார் காதை எடுக்காமக் கேட்டார், கொளகொளன்னு வந்தாலும் கபடிதான்னு ஒத்துக்கிட்டார்.

ஊரு அதுபாட்டுக்கு அதைச் சுத்தி உக்காந்துக்கிச்சு. பஸ்ஸு கண்டக்டர், "கபடி எறங்கு, கபடி எறங்கு"ன்னு கூவ ஆரம்பிச்சார், அப்படியே அது ஸ்டாப்பு ஆச்சு. தொட்டில்ல தூங்காத பிள்ளைகளைத் தாய்மாரு தூக்கிட்டு வந்து பந்தல்ல படுக்கப் போட்டாங்க, அந்தச் சத்தத்துல சொக்கித் தூங்குச்சுங்க. ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் அடிச்சா வாத்தியாருக்குப் பாட்டுக் கேக்காதுன்னு கமிட்டி தடை போட்டுருச்சு, எங்க அம்மன் வாழ்நாள்ல முதல் தடவையா மேளச் சத்தமே இல்லாம, சினிமாவுக்குப் போற மாதிரி நைஸா வீதியுலா போயிட்டு வந்தா. எலெக்சன் வந்துச்சு. ஒரு கட்சிக்காரர் வந்து இந்த மூச்சுதான் தமிழன் மூச்சுன்னார், இன்னொரு கட்சிக்காரர் வந்து இந்தப் பிடிதான் தமிழன் பிடின்னார், ரெண்டு பேச்சுக்கும் நாங்களே கைதட்டுனோம். ரெண்டு பேரும் கீழ கிடந்தவங்க காலை மட்டும் மிதிச்சுராம ஜாக்கிரதையாத் தாண்டிப் போனாங்க.

தரையில கிடந்த ரெண்டு பேரும் என்ன பண்ணினாங்கன்னு கேக்குறீங்களா? சிநேகமாயிட்டாங்க. வேற என்ன பண்ணுவாங்க? ஒருத்தன் காலு இன்னொருத்தன் கையில இருக்கு. சவரிமுத்து நாள் பூரா அந்தக் கணுக்கால்கிட்ட பேசிக்கிட்டே இருப்பான், தன் பொண்டாட்டி சண்டை, பிள்ளைக படிப்பு, தீப்பெட்டி ஆபீசு மருந்து நெடி எல்லாத்தையும் சொல்வான். வெயிலுமுத்து அதுக்கெல்லாம் கபடியிலயே பதில் சொல்வான். இழுத்துச் சொன்னா 'அப்படியா'ன்னு அர்த்தம், வெட்டி வெட்டிச் சொன்னா சிரிக்கிறான்னு அர்த்தம், அடித்தொண்டையில சொன்னா முதுகு அரிக்குதுன்னு அர்த்தம். குதிகால்ல ஈ உக்காந்தா சவரிமுத்துதான் விரட்டிவிடுவான். "ஏ மாப்ளே, மெதுவாப் பாடுலே, நெஞ்சு நோவப் போகுது"ம்பான். பிடியை மட்டும் விட மாட்டான்.

ஆவணியில பேச்சித்தாய்க்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. ஆஸ்பத்திரி அட்டை எங்க இருக்கு, வீட்டுலயே வச்சு மருத்துவச்சிதான் பார்த்தா. சேதியைச் சவரிமுத்துதான் சொன்னான். அன்னைக்கு வெயிலுமுத்து பாடுனானே ஒரு பாட்டு, கபடி கபடி கபடின்னு மூச்சு முட்ட முட்ட, கண்ணுல தண்ணி ஓடி மண்ணெல்லாம் நனைஞ்சு, வாத்தியாரே விசிலோட சேர்த்து அழுதுட்டார். பிள்ளையைக் கொண்டாந்து அவன் நீட்டின கையில படுக்க வச்சா பேச்சித்தாய். கமிட்டியில ஒருத்தர் ஓடி வந்து, "பிள்ளை காலு கோட்டுல படக்கூடாது, அப்புறம் பிரச்சினை"ன்னு சொல்லிப் பிள்ளையைக் கொஞ்சம் இழுத்துப் படுக்க வச்சார். நாசமாப் போறவன்.

அந்த மாசமே இன்னொன்னும் நடந்துச்சு. மில்லு மேனேஜர் பதிலிக்காரங்க பேரையெல்லாம் சரிபார்த்தார். தொடர்ந்து கேட்டுக்கு வராத பதிலியோட பேரை எடுத்துரணும்ங்கிறது மில்லு விதி. வெயிலுமுத்து வந்தானா? வரல. ஏன் வரல? கேக்கிறதுக்கு விதியில எடம் இல்ல. பேரை எடுத்துட்டாங்க. நாங்க நாலஞ்சு பேரு முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் ரொம்பத் தன்மையாப் பேசினார். "விதின்னா விதிதானப்பா. வெயிலுமுத்துவே விதிக்குக் கட்டுப்பட்டுத்தானே அங்க கிடக்கான்? அவனுக்கு இருக்கிற ஒழுக்கம் மில்லுக்கு இருக்க வேண்டாமா?"ன்னார். எங்களுக்குக் காப்பி குடுத்தார். நல்ல காப்பி.

பெர்மனென்டுக்காகக் கிடக்கிறவனுக்குப் பதிலி வேலையும் போச்சு. மைதானத்துல போய் அவன்கிட்ட யார் சொல்றது? சொன்னா அந்த நிமிசமே மூச்சை விட்டுருவான். மூச்சை விட்டா ஆட்டம் முடிஞ்சுரும். ஆட்டம் முடிஞ்சா சோடாக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, வளையல் கடை, மிக்சர் கடை, பஸ்ஸு ஸ்டாப்பு, செண்பகமூர்த்தி அண்ணாச்சியோட மரியாதை, எல்லாம் முடிஞ்சுரும். யாரும் கூடிப் பேசல, யாரும் சத்தியம் வாங்கல, ஆனா ஊரு முழுக்க ஒரே மாதிரி முடிவெடுத்துச்சு. "அவன் மனசு ஒடைஞ்சுரும்யா, எதுக்குச் சொல்லிக்கிட்டு"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். எங்களுக்கு அவன் மனசு மேல அப்படி ஒரு அக்கறை. தினம் போய், "விடாத வெயிலுமுத்து, ஒரு சாண்தான், பெர்மனென்டுப்பா!"ன்னு கத்திட்டு வந்தோம்.

பேச்சித்தாய்க்குத் தெரியாம இருக்குமா? தெரியும். அவளும் சொல்லல. ஒருநாள் தண்ணிக் குழாயடியில என் வீட்டுக்காரி கேட்டதுக்கு, "வேலையும் போச்சு, ஆட்டமும் தோத்துப்போச்சுன்னா அந்த மனுசன் தரையிலேர்ந்து எந்திரிக்கவே மாட்டாக அக்கா. முதல்ல ஜெயிக்கட்டும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ஒரு வாய் சோறு போட்டுட்டு, மெதுவா நான் சொல்லிக்கிடுறேன்"னாளாம். நாத்தனார் வீட்டுல ஓசிச் சோறு, கைப்பிள்ளைக்குப் பால் போதலை, இதுல அவளுக்கு அந்த ஓசனை.

ஒரு மத்தியானம் பந்தல்ல கூட்டம் கம்மியா இருந்தப்ப அவ சவரிமுத்து பக்கத்துல போய் உக்காந்தா. வெயிலுமுத்து கண்ணை மூடிக்கிட்டு அரைத்தூக்கத்துல பாடிக்கிட்டிருந்தான்.

"அண்ணே, விட்டுருங்களேன்"னா.

சவரிமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டான். "எனக்கும் பேரை எடுத்துட்டாக தாயி. போன மாசமே எடுத்துட்டாக. பெர்மனென்டுக்காகவா நான் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்? இப்ப கையை விட்டா, மில்லுக்காரன்கிட்ட காசை வாங்கிக்கிட்டு விட்டுட்டான்னு ஊரு பேசும். எம் பிள்ளைக தெருவுல நடக்க முடியாது. வேற எது வேணும்னாலும் கேளு, கையை மட்டும் விடச் சொல்லாத."

அவன் சொன்னது நெசம். நாங்க அப்படித்தான் பேசியிருப்போம்.

தை பிறந்துச்சு. மில்லு முதலாளிக்கு ஆட்டம் அலுத்துப்போய் ரொம்ப நாளாச்சு, ஆனா அவரோட சோபா மட்டும் மைதானத்து எல்லையிலயே கிடந்துச்சு. அவர் மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு, வீட்டுக்குச் சோபா வேணும்னு வண்டி அனுப்பினார். நாலு பேரு தூக்குனாங்க. தூக்கின எடத்துல, சோபாவோட முன்காலுக்கு அடியில, பளிச்சுன்னு ஒரு வெள்ளைக்கோடு. மில்லு பக்கத்துக் கடைசிக் கோடு. சித்திரையில முதல்ல போட்ட கோடு அதுதான், முதலாளிமாரு சோபா வந்ததும் எடம் பத்தலைன்னு கமிட்டிக்காரங்க அதை ரெண்டு சாண் உள்ள தள்ளி வேற கோடு போட்டிருக்காங்க. நடுக்கோட்டைத் தள்ள யாருக்கும் தோணல. பெரிய மனுசங்க உக்காருற அவசரத்துல மைதானத்து நடுவு எதுன்னு யாரு பார்ப்பா?

பந்தல்ல அப்ப நல்ல கூட்டம். எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம். எல்லாருக்கும் புரிஞ்சுது. செண்பகமூர்த்தி அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார், "மழை வரும் போலிருக்கே"ன்னார். தை மாசத்துல. நாங்களும் நிமிந்து பார்த்தோம்.

பேச்சித்தாய் பிள்ளையை என் வீட்டுக்காரி கையில குடுத்துட்டு உள்ள வந்தா. வந்தவ நேரா வாத்தியார் முன்னாடி நின்னா.

"சார், மில்லு பக்கம் ரெண்டு சாண் குறைச்சிருக்காக. அப்ப நடுக்கோடு எங்க இருக்கணும்?"

வாத்தியார் விசிலை வாயிலேர்ந்து எடுக்காமலே முழிச்சார். அவ விடல. "ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல? இருக்கணுமா வேண்டாமா? ரெண்டுல பாதி ஒண்ணு. கோடு ஒரு சாண் இந்தப் பக்கம், தீப்பெட்டி பக்கம் வரணும். என் வீட்டுக்காரர் கை எங்க இருக்குன்னு பாருங்க! மொத நாளே வந்து சேர்ந்துட்டாக சார்! மொத நாளே!" அவ கத்தின கத்துல தூங்கிக்கிட்டிருந்த பிள்ளைக அத்தனையும் முழிச்சு அழ ஆரம்பிச்சிருச்சு.

தீப்பெட்டிக்காரங்கள்ல ஒருத்தர் எந்திரிச்சு, "இப்பதான் சோபா போயிருச்சேம்மா, மைதானம் பழைய அளவுக்கு வந்துருச்சே"ன்னார். பெரிய வக்கீலு. அப்பத்தான் வாத்தியார் மாசக்கணக்குல முதல் தடவையா விசிலைக் கையில எடுத்துப் பேசினார். "அவன் பாடிப் போறப்ப சோபா இருந்துச்சுய்யா. நானும் அதுல உக்காந்து ஒரு கலர் சோடா குடிச்சேன்"னார். சொல்லிட்டு மண்டி போட்டுத் தன் கையாலேயே சாண் போட்டு அளந்தார். மில்லு பக்கம் ரெண்டு சாண் குறைஞ்சது குறைஞ்சதுதான்.

பேச்சித்தாய் அதுக்கெல்லாம் காத்துக்கிட்டிருக்கல. பழைய நடுக்கோட்டைக் காலால தேய்ச்சு அழிச்சா, கமிட்டிக் கூடாரத்துல இருந்த சுண்ணாம்புப் பொடி மூட்டையில கையை விட்டு அள்ளினா, இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராமப் புதுசா ஒரு கோட்டை இழுத்தா. அந்தக் கோடு வெயிலுமுத்துவோட அஞ்சு விரலுக்கும் அடியில போச்சு. விரல் மேலயும் வெள்ளை விழுந்துச்சு. வாத்தியார் ஒரு தடவை எங்க எல்லாரையும் பார்த்தார், யாரும் அவர் கண்ணைப் பார்க்கல. விசிலை வாயில வச்சு ஒரே ஊது.

சவரிமுத்து அவுட்டு. அவன் கையை விட்டான், விட்டுட்டு, அந்த விரல்கள் மடங்கினது மடங்கினபடியே இருக்கிறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தான். "அப்பாடா"ன்னான். தோத்தவன் அவ்வளவு சந்தோசமாச் சொல்லி நான் கேட்டதே இல்ல. வெயிலுமுத்து மட்டும் இன்னும் கபடி கபடின்னுக்கிட்டே கிடந்தான், அவனுக்குப் புரியல. பேச்சித்தாய் குனிஞ்சு அவன் காதுல, "போதும்ங்க, ஜெயிச்சாச்சு"ன்னா. பாட்டு நின்னுச்சு. அவன் சித்திரைக்கு அப்புறம் முதல் தடவையா ஒரு மூச்சை உள்ள இழுத்தான். டீக்கடை பாய்லர் கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு.

முதலாளிக்குச் சேதி போயி, கல்யாண வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டுக் கார்ல வந்து எறங்கினார். கோப்பையை வாங்கினார், போட்டோ எடுத்தாங்க, வெயிலுமுத்துவை ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சு நிறுத்தி மாலை போட்டாங்க. முதலாளி மைக்குல, இந்த வெற்றி மில்லுக் குடும்பத்தோட வெற்றின்னார். மேனேஜர் அவர் காதுல என்னமோ சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன். "அய்யா, மொத நாளே ஜெயிச்சதா ரெஃப்ரீ சொல்லிட்டார். அப்ப மறுநாள்லேர்ந்து இவன் வேலைக்கு வந்திருக்கணும். வரல. பேரை எடுத்தது ரொம்பச் சரிதான்யா"ன்னார். முதலாளி, "அதுதானே"ன்னு தலையை ஆட்டிட்டு வெயிலுமுத்துவைத் தட்டிக் குடுத்தார். அந்தாளு மண்டையில மைக்கைத் தூக்கிப் போடலாம்னு எனக்குத் தோணுச்சு. போடல, எனக்கும் மறுநாள் காலையில கேட்டுல நிக்கணும்ல.

"ரெண்டு வார்த்தை பேசுப்பா"ன்னு செண்பகமூர்த்தி அண்ணாச்சி மைக்கை வெயிலுமுத்து வாய்க்கு முன்னாடி நீட்டினார். அவன் மைக்கைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். நாக்கு கபடிக்கே பழகிப்போயிருந்ததால வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தான், அது எங்க தெரு ஸ்பீக்கரு, பஸ்ஸு ஸ்டாப்பு ஸ்பீக்கரு, மில்லு கேட்டு ஸ்பீக்கரு எல்லாத்துலயும் கேட்டுச்சு.

"மொதலாளி, நாளைக்கு எனக்கு எந்த ஷிப்டு?"

முதலாளி கார் சாவியைத் தேடினார். அண்ணாச்சி ஸ்பீக்கர் வயரைச் சரி பண்ணினார். நாங்க, தினம் வந்து பெர்மனென்டு பெர்மனென்டுன்னு கத்தினவங்க, தரையில புதுசா போட்ட கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம். பேச்சித்தாய் மட்டும் கூட்டத்துக்குள்ள நடந்து வந்து, அவன் கழுத்து மாலையைக் கழட்டி நாற்காலியில வச்சுட்டு, அவன் தோள்ல ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டா.

"நாளைக்கு உங்களுக்கு லீவுங்க. வாங்க வீட்டுக்கு."

அவன் அவளை நம்ப முடியாமப் பார்த்தான். அப்புறம், மைக்கு இன்னும் அவன் வாய்க்கு நேராத்தான் இருக்குங்கிறது தெரியாம, அந்தப் பழைய சிரிப்போட மெதுவாக் கேட்டான்.

"சம்பளத்தோடயா?"